குளிர் வீடும் ஈரச் சுவரும்: புதிதாக வந்தவர்களுக்குச் சில வார்த்தைகள்

(எமது சனிக்கிழமை ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் குளிருக்குள்ளே இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். தேத்தண்ணீர் பின்னாலே இருக்குது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழும்பிப் போய் எடுங்கோ, குறை நினைக்க மாட்டேன்.

இன்றைக்கு இன்ரவியூ பற்றியோ மேன்முறையீடு பற்றியோ பேசப் போவதில்லை. சுவர் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதேங்கோ. இந்த மேசையிலே கேஸ் பைலை விரித்து வைத்து ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு, எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று, "இன்னொரு விஷயம், அறைச் சுவர் எல்லாம் கறுத்துப் போச்சு, பிள்ளை இரவிரவாக இருமுறாள்" என்று சொல்லுகிறவர்கள் பலர். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னால் கேஸுக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பேசாமல் இருந்திட்டன்" என்பார்கள்.

ஆகவே இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். தங்குமிடத்தில் உள்ள குறையை முறைப்படி அறிவிப்பதால் உங்கள் தஞ்சக் கோரிக்கைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கோரிக்கையைத் தீர்மானிப்பவர்கள் வேறு, வீட்டைப் பராமரிக்கும் கம்பனி வேறு. பயந்து பேசாமல் இருப்பதால் பாதிக்கப்படுவது உங்கள் நெஞ்சும் பிள்ளையின் நெஞ்சும்தான்.

நான் ஊரிலே விஞ்ஞானம் படிப்பித்தனான். அந்தப் பழக்கம் விடாது. அதனால் கொஞ்சம் வகுப்பு மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட ஊர் வீடு எதற்காகக் கட்டியது? வெக்கையை வெளியே விடுவதற்காக. உயர்ந்த ஓட்டுக் கூரை, சுவரின் மேலே காற்றுத் துவாரம், முன்னாலே விறாந்தை, வாய்ப்புள்ள வீடுகளில் நடுவே முற்றம். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். ஈரம் என்று ஒன்று சுவரிலே தங்க நேரமே இல்லை. கொடியிலே போட்ட சேலை ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். இங்கே வீட்டின் வேலை நேர் எதிர். வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்க வேண்டும், ஆனால் ஈரத்தை வெளியே அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வது லேசான காரியம் இல்லை. பழைய இங்கிலாந்து வீடுகள் பல இரண்டையுமே ஒழுங்காகச் செய்வதில்லை. அது உங்களுடைய பிழை அல்ல, வீட்டினுடைய பிழை.

இங்கிலாந்து வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 1919ஆம் ஆண்டுக்கு முன் கட்டியது. அவற்றின் சுவர் பெரும்பாலும் முழுச் செங்கல் சுவர். உள்ளே வெளியே ஒரே சுவர்தான், சுமார் 23 சென்ரிமீற்றர் தடிப்பு. 1920களுக்குப் பிறகுதான் இரட்டைச் சுவர் கட்டுவது மெல்ல மெல்லப் பரவியது. வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், நடுவிலே சில சென்ரிமீற்றர் இடைவெளி. அந்த இடைவெளி முதலில் குளிருக்காக விடப்படவில்லை, மழை ஈரம் உள்ளே வராமல் இருக்கத்தான். 1970களில் எண்ணெய் விலை ஏறிய பிறகு அதற்குள் பஞ்சு போன்ற வெப்பக் காவலியை நிரப்பத் தொடங்கினார்கள்.

உங்கள் வீடு எந்த வகை? வீட்டுக்குப் போனதும் வெளியே நின்று செங்கல்லைப் பாருங்கோ. ஒரே வரிசையில் ஒரு நீளக் கல், ஒரு கட்டைக் கல் என்று மாறி மாறித் தெரிந்தால் அது பெரும்பாலும் முழுச் சுவர். கட்டையாகத் தெரிவது கல்லின் தலைப்பக்கம், அது சுவரின் குறுக்கே உள்ளே போகிறது. எல்லாமே நீளக் கல்லாகத் தெரிந்தால் பெரும்பாலும் இரட்டைச் சுவர். அந்தச் சுவரில் ஒழுங்கான இடைவெளியில் சிறு வட்டமாகச் சீமெந்து பூசிய அடையாளங்கள் இருந்தால், யாரோ துளைத்து உள்ளே காவலி நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதிலே என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு. பத்துச் சதுர மீற்றர் வெளிச்சுவர் உள்ள அறை. உள்ளே 20 பாகை, வெளியே பூச்சியம். முழுச் செங்கல் சுவரானால், ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் ஒவ்வொரு சதுர மீற்றரும் சுமார் 2 வாற் வெப்பத்தை வெளியே விடும். பெருக்கிப் பாருங்கோ: 400 வாற். இந்த நாட்டில் இப்போது புதிதாகக் கட்டும் வீட்டுச் சுவருக்கு 0.26க்கு மேல் விடக்கூடாது என்பது விதி. அதே அறை, அதே குளிர், போவது 52 வாற் மட்டும். அதாவது பழைய வீட்டில் நீங்கள் போடும் ஹீற்றரில் பெரும்பகுதி தெருவைத்தான் சூடாக்குகிறது. காவலி ஒன்றும் போடாத வீட்டில் போகிற வெப்பத்தில் மூன்றில் ஒன்று சுவராலும், கால்வாசி கூரையாலும் போகும் என்பது பொதுவான கணக்கு. கூரைக்கு உள்ளே 270 மில்லிமீற்றர் தடிப்புக்குப் பஞ்சு விரிக்க வேண்டும் என்று இங்கே சொல்லுகிறார்கள். சில தங்குமிடங்களில் நான் பார்த்தது ஒரு தலையணை தடிப்புக்கூட இல்லை.

இனி அந்தக் கறுப்பு. இதைத்தான் எல்லோரும் விளங்க வேணும்.

காற்று ஒரு பாத்திரம் மாதிரி. சூடான காற்று பெரிய பாத்திரம், குளிர்ந்த காற்று சின்னப் பாத்திரம். 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம் சொச்சம்தான். இப்போது நீங்கள் குசினியில் சோறு அவிக்கிறீர்கள், குளிக்கிறீர்கள், ஒரே அறையில் நாலு பேர் மூச்சு விட்டுப் படுக்கிறீர்கள், உடுப்பைத் தோய்த்து றேடியேற்றரில் விரிக்கிறீர்கள். ஒரு தரம் மெசினில் போட்ட உடுப்பு காயும்போது மட்டும் சுமார் இரண்டு லீற்றர் தண்ணீர் காற்றோடு கலக்கும். ஒரு பெரிய சோடாப் போத்தலை அறைக்குள்ளே ஊற்றியதற்குச் சமம். அந்தக் காற்று போய்க் குளிர்ந்த சுவரைத் தொடுகிறது. பாத்திரம் சுருங்குகிறது, மிச்சம் வழிகிறது. அதுதான் யன்னலில் வடியும் தண்ணீர், கட்டிலுக்குப் பின்னாலே உள்ள ஈரலிப்பு. அறை 20 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றால், 12 பாகைக்குக் கீழே உள்ள எந்த மேற்பரப்பிலும் நீர் ஒடுங்கும். முழுச் சுவர் வீட்டின் மூலை ஒன்று மாசி மாதத்தில் 12 பாகைக்குக் கீழே போவது அதிசயமே இல்லை. நீர் துளிக்கவே வேண்டியதில்லை, சுவர் நாள்கணக்கில் ஈரலிப்பாக இருந்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும்.

அப்படியென்றால் முந்தி இருந்த வெள்ளைக்காரர்கள் எப்படி இருந்தார்கள்? அறைக்கு ஒரு கணப்பு. நிலக்கரி எரியும், புகைபோக்கி ஓயாமல் காற்றை இழுத்து வெளியே விடும். குளிர்தான், ஆனால் ஈரம் நிற்காது. பிறகு கணப்பை அடைத்தார்கள், காற்று நுழையாத இரட்டைக் கண்ணாடி யன்னல் போட்டார்கள், சுவரை மட்டும் அப்படியே குளிரவிட்டார்கள். பாதி வேலை செய்த வீடு. ஈரம் போக வழியில்லை.

இதைச் சொல்லப்போனால் வருகிற பதில் உங்களுக்குத் தெரியும். "நீங்கள் சமைக்கிற விதம், உடுப்புக் காயவிடுகிற விதம்." ஒரு பிள்ளையின் கதையை உங்களுக்குச் சொல்ல வேணும். றொச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. தாயும் தகப்பனும் சூடானில் இருந்து வந்தவர்கள், ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இருந்தவர்கள். பூஞ்சணம் பற்றித் தகப்பன் 2017இலேயே அறிவித்திருந்தார். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு ஒரு வருடம் முன்னமே, 2021 அக்டோபரில், வீட்டுக் குறைகேள் அதிகாரி, ஈரத்துக்கு வாழ்க்கை முறையைச் சாட்டுவதை நிறுத்துங்கள் என்று வீட்டு உரிமையாளர்களுக்கு அறிக்கை விட்டிருந்தார்.

அந்தக் குழந்தையின் பெயரிலேயே இப்போது ஒரு சட்டம் இருக்கிறது, அவாப் சட்டம். 2023இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ், 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் கவுன்சில் வீடுகளுக்கும் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. உயிராபத்தான அவசரக் குறை என்றால் 24 மணித்தியாலத்துக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்து ஐந்து வேலை நாளுக்குள் ஆபத்து இல்லாமல் செய்ய வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டுவதற்கு 2025ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஹோம் ஒபிஸ் தரும் தங்குமிடத்துக்கு முறைப்பாட்டு வழி வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டின் பிழை என்று சொல்லிவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. திருத்த வரும்வரை அந்த அறையில் படுக்கப் போவது நாங்கள்தானே. சமைக்கும்போது பானையை மூடுங்கோ, குசினிக் கதவைச் சாத்துங்கோ, காற்று உறிஞ்சும் ஃபானைப் போட்டுவிட்டுச் சமையல் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கோ. உடுப்பைக் காயப்போட வேறு இடமே இல்லையென்றால் குளியலறையில் போட்டு, கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து விடுங்கோ. அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கோ. றேடியேற்றருக்கு முன்னால் சோபாவைப் போட்டால் சூடு சோபாவுக்குத்தான். காலையில் யன்னலில் நிற்கும் தண்ணீரைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிழிந்து வெளியே விடுங்கோ. திரும்ப றேடியேற்றரில் போட்டால் துடைத்ததில் பயனில்லை.

யன்னலின் மேல் சட்டத்தில் நீளமாக ஒரு சின்னத் துவாரம் இருக்கும், சுவரில் சல்லடை மாதிரி ஒரு தட்டு இருக்கும். குளிர் வருகுது என்று அதைச் சீலையால் அடைப்பது எங்கட ஆட்களின் முதல் வேலை. தயவு செய்து அடைக்காதேங்கோ. ஈரம் போகும் வழி அதுதான். காஸ் அடுப்பு, பொயிலர் உள்ள இடத்தில் அடைத்தால் அது உயிருக்கே ஆபத்து. கரி அடுப்பை, பார்பிகியூ தட்டை ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவராதேங்கோ. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்து வாடகை வீடுகளில் பொயிலர் போன்ற எரிகருவி பொருத்திய அறையில் அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். காஸ் அடுப்பு மட்டும் உள்ள அறை இதில் அடங்காது. வீட்டுக்குப் போய்ப் பாருங்கோ, இல்லாவிட்டால் அறிவியுங்கோ.

இன்னொன்று, சுவரில் உள்ள தேர்மோஸ்ராற்றை 30க்குத் திருப்பினால் வீடு கெதியாகச் சூடாகாது. எப்போது நிற்க வேண்டும் என்றுதான் அது சொல்லும், எவ்வளவு வேகம் என்று சொல்லாது. குறைந்தது 18 பாகை இருக்க வேண்டும் என்பது இங்கே சுகாதாரத் துறையின் அறிவுரை. மலிவான வெப்பமானி ஒன்று வாங்கி அறையில் தொங்கவிடுங்கோ. "குளிருது" என்று சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். "மூன்று நாளாக இரவில் 13 பாகை" என்று எழுதினால் கேட்க வேண்டி வரும்.

முறைப்பாடு இப்படித்தான். ஹோம் ஒபிஸ் தங்குமிடத்தில் இருந்தால் மைக்ரன்ற் ஹெல்ப்பின் இலவச எண் 0808 8010 503, இரவு பகல் எப்போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கோ, அதற்குக் காசு இல்லை. துடைப்பதற்கு முன் படம் எடுங்கோ. எந்த அறை, எந்தச் சுவர், எப்போதிருந்து, வீட்டில் சின்னப் பிள்ளை, ஆஸ்மா, கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா என்று சொல்லுங்கோ. முக்கியமாக, முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு எழுதுங்கோ. எண் இல்லாத முறைப்பாடு தண்ணீரில் எழுதின எழுத்து. வீட்டு ஆள் வந்து போனால் திகதியும் என்ன சொன்னார் என்பதும் கொப்பியில் ஏறட்டும். பிள்ளைக்கு இருமல் என்றால் டொக்டரிடம் வீட்டு நிலையையும் சொல்லி, அதைப் பதிவில் எழுதச் சொல்லுங்கோ. தனியார் வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்த பிறகும் ஒன்றும் நடக்காவிட்டால் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதிக்குப் போகலாம். கடும் குளிரும், ஈரமும் பூஞ்சணமும், அவர்கள் வீட்டைப் பரிசோதிக்கும்போது பார்க்க வேண்டிய ஆபத்துகளின் பட்டியலிலேயே இருக்கின்றன. போனில் பேசப் பயமாக இருந்தால் எங்களிடம் வாருங்கோ, இருந்து ஒன்றாக எடுப்போம்.

விசா கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில வாரங்களுக்குள் தங்குமிடத்தை விட வேண்டும், அந்த அவசரத்தில் கிடைத்த வீட்டுக்குச் சரி என்று விடுவீர்கள். கையெழுத்துப் போட முன் ஈ.பி.சி. என்ற சான்றிதழைக் கேளுங்கோ. வீடு எவ்வளவு சக்தியை வீணாக்கும் என்று ஏ முதல் ஜி வரை தரம் போட்டிருக்கும். 2020 ஏப்ரல் முதல், விதிவிலக்குப் பதிந்த வீடுகள் தவிர, ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஹோம் ஒபிஸ் தங்குமிடத்தில் காஸ், கரண்ட் காசு உங்கள் கையால் போனதில்லை. இனிப் போகும். மின் ஹீற்றர் மட்டும் உள்ள அறை என்றால் யோசியுங்கோ. அண்மைய ஆண்டுகளில் ஒரு யூனிற் கரண்ட் ஒரு யூனிற் காஸின் விலையைவிடச் சுமார் நாலு மடங்கு. இரண்டு கிலோவாற் ஃபான் ஹீற்றரை ஐந்து மணித்தியாலம் போட்டால் பத்து யூனிற். முற்பண மீற்றர் என்றால் கோடையில் காஸ் பாவிக்காவிட்டாலும் நாளாந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒக்டோபரில் இருபது பவுண் போட்டவுடன் பாதியை அது எடுத்துவிட்டது என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள். கோடையிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வாருங்கோ.

கதவைத் தட்டி, "இலவசமாகச் சுவருக்குக் காவலி போட்டுத் தருகிறோம்" என்று வந்தால் கையெழுத்துப் போடாதேங்கோ. வீடு உங்களுடையதல்ல, அது உரிமையாளர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். நல்ல வேலை செய்தால் வீடு மாறிவிடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசுத் திட்டங்கள் இரண்டின் கீழ் வெளிச்சுவரில் காவலி போட்ட வீடுகளில் 98 வீதமானவற்றில் திருத்த வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் தேசிய கணக்காய்வு அலுவலகம் சொன்னது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் பழைய ஈரத்தைவிட மோசம். 2017 ஜூன் 14இல் லண்டன் கிரென்பெல் மாடியில் 72 பேரின் உயிர் போனது. சில வருடங்களுக்கு முன் அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பொருத்திய தகடுகளும் காவலியும் எரியக்கூடியவை. குளிருக்குப் போர்த்தும் போர்வை எதனால் செய்தது, யார் போர்த்தினார்கள் என்று கேட்கத்தான் வேணும்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் அக்கா பேச்சுத் தொடங்க முன்னமே ஒரு கேள்வி கேட்டவ. "யன்னலைத் திற எண்டு சொல்லுறியள், காசு குடுத்துச் சூடாக்கின காற்று போயிடுமே?" நியாயமான கேள்வி. நாலு மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் உயரம் உள்ள அறையை எடுப்போம். 30 கன மீற்றர் காற்று. அது முழுவதும் போய், 5 பாகைக் காற்று வந்து, அதைத் திரும்ப 20 பாகைக்குக் கொண்டுவரச் சுமார் 0.15 யூனிற் போதும். காஸ் விலைக்கு ஒரு பென்ஸ் அளவு. சூடு சுவரிலும் தளபாடத்திலும் இருக்குது, பத்து நிமிசத்தில் அவை ஆறிவிடாது. காலையில் எழும்பியதும் ஒருதரம், சமையல் முடிந்ததும் ஒருதரம், பத்துப் பத்து நிமிசம் நன்றாக அகலத் திறந்துவிட்டுச் சாத்துங்கோ அக்கா. நாள் முழுக்க ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைக்கிறதுதான் சுவரைக் குளிர வைக்கும்.